பிக்கப்பைக் காட்டுப்பாதைக்குத் தயார் செய்வது: முதலில் டயர், அடுத்து காற்று, அப்புறம்தான் மற்றதெல்லாம்

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகள் ஷோரூமை விட்டு வரும்போது பெரும்பாலும் தார்ச்சாலைக்கான டயரோடுதான் வருகின்றன. வண்டியில் 4 லோ (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியர்) இருக்கும், கனமான சேசிஸ் இருக்கும், பின்னால் பட்டை ஸ்பிரிங் இருக்கும். ஆனால் தரையைத் தொடுவது உள்ளங்கை அகல நாலு ரப்பர் துண்டுகள்தான். அவை வழுக்கினால் மேலே இருக்கிற எதுவும் உதவாது. அதனால் கையில் ஒரு லட்சம் இருந்தால் பம்பருக்கும் லைட்டுக்கும் போகாதீர்கள். டயருக்கும், காற்று இறக்கி ஏற்றும் சாமான்களுக்கும், இழுத்து மீட்கும் கயிறுக்கும் போட்ட பிறகு மிச்சம் இருந்தால் மற்றதைப் பார்க்கலாம்.

எந்த மண், எவ்வளவு தூரம்

டயர் கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். மாதம் ஓடும் கிலோமீட்டரில் தார் எவ்வளவு, சரளை எவ்வளவு, சேறு எவ்வளவு? வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வைத்திருப்பவரே ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைத் தாரில் ஏறிய பிறகுதான் கல் பாதையைத் தொடுகிறார். மழையில் அந்த வளைவுகளில் பிரேக் பிடிக்க வேண்டியதும் அதே டயர்தான்.

எச்.டி. என்கிற ஹைவே டயர் தாருக்கு அருமை. சரளைக்கும் காய்ந்த செம்மண்ணுக்கும் ஓரளவு தாங்கும். ஈரக் களிமண்ணில் பத்தே சுற்றில் பட்டன்களுக்கு (டயர் மேல் துருத்தும் ரப்பர் கட்டிகள்) நடுவே மண் அடைத்து மொட்டை டயர் ஆகிவிடும். ஏ.டி. என்கிற ஆல்-டெரெய்ன் டயரில் பட்டன்கள் பெரிதாகவும் பள்ளம் ஆழமாகவும் இருக்கும், ஆனால் பட்டன் மேலே மெல்லிய கீறல்கள் நிறைய உண்டு. ஈரத் தாரைக் கவ்விப் பிடிப்பது அந்தக் கீறல்கள்தான். எம்.டி. என்கிற மட்-டெரெய்ன் டயரில் பட்டன்களுக்கு இடையே விரல் போகும் அளவு இடைவெளி இருக்கும். சேற்றைத் தானே உதறிவிடும், கல்லில் விளிம்பைக் கவ்வும். ஆனால் ஈரத் தாரில் நிற்கும் தூரம் கூடும், 80 கி.மீ. வேகத்தில் இரைச்சல் கேபினுக்குள் வரும், மைலேஜ் இறங்கும், சீக்கிரம் தேயும். ஏ.டி.க்கும் எம்.டி.க்கும் நடுவே ஆர்.டி. (ரக்டு டெரெய்ன்) என்று ஒரு வகையும் இப்போது கிடைக்கிறது.

நூற்றுக்கு எழுபது தாரில் ஓடுகிறவருக்கு ஏ.டி. தவிர வேறு யோசனையே வேண்டாம். யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ.டி., பிஎஃப் குட்ரிச், மேக்ஸிஸ், கூப்பர், அப்போலோ ஆப்டெர்ரா என்று பல பெயர்கள் உண்டு. பெயரைவிடப் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பதைப் படிக்கத் தெரிவது முக்கியம். எம்.டி. யாருக்கு? மழைக்காலம் முழுக்க எஸ்டேட்டுக்குள்ளேயே சேற்றில் உழல்கிற வண்டிக்கு, தாரில் வேகம் போகாத வண்டிக்கு.

கரிசல் மண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கம் மழை பெய்த மறுநாள் கரிசல் காட்டில் இறங்கினால் எம்.டி.யும் அப்பிக்கொள்ளும். மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நின்றுபோகும். அங்கே எந்த டயரையும் நம்ப வேண்டாம். ஒருநாள் வெயில் அடிக்கட்டும், பிறகு இறங்குங்கள்.

பக்கச் சுவரைப் படிப்பது

255/60 ஆர்18 என்றால் அகலம் 255 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 153 மி.மீ., ரிம் 18 அங்குலம். மொத்த விட்டம் 763 மி.மீ. வி-கிராஸின் 18 அங்குல மாடல்களுக்கு இதுதான் அளவு. 2016-இல் வந்த பழைய மாடலுக்கு 245/70 ஆர்16. ஹைலக்ஸில் 265/65 ஆர்17-ம் 265/60 ஆர்18-ம் உண்டு.

இப்போது ஒரு நல்ல விஷயம். 255/60 ஆர்18, 255/65 ஆர்17, 255/70 ஆர்16 மூன்றுக்கும் மொத்த விட்டம் 763 மி.மீ.தான். ஸ்பீடோமீட்டர் மாறாது, கியர் பாரம் மாறாது. ஆனால் பக்கச் சுவர் 153-இலிருந்து 166-க்கும், 178-க்கும் உயர்கிறது. கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் பாறைக்கும் நடுவே நிற்பது இந்த ரப்பர்தான். அது ஓர் அங்குலம் கூடினால் ரிம் நெளிவது குறையும், காற்றை இறக்க இன்னும் இடம் கிடைக்கும். பெரிய ரிம் அழகு, சின்ன ரிம் பாதுகாப்பு. 18-இலிருந்து 17-க்கு இறங்குவதே காட்டுப்பாதைக்கு முதல் மேம்பாடு என்பேன். ரிம் வாங்கும் முன் டயர் மாட்டாத வெறும் ரிம்மை ஹப்பில் பூட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் கேலிப்பரில் எங்கும் உரசக் கூடாது. 16-க்கு இறங்கும்போது இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

விட்டத்தையே கூட்டினால்? 265/65 ஆர்17 போட்டால் 776 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 81 சொச்சம், கவலை இல்லை. 265/70 ஆர்17 என்றால் 803 மி.மீ., 80 காட்டும்போது 84 போகிறீர்கள், தரை இடைவெளி 20 மி.மீ. கூடும். 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ. படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை 8 சதவீதம் குறையும், பிரேக்குக்கு வேலை கூடும், ஸ்டியரிங் முழுக்கத் திருப்பினால் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கிலோ, பின்னால் மட்ஃப்ளாப்பிலோ உரசும். உரசல் கடையில் தெரியாது. முன் சக்கரத்தை ஒரு மேட்டில் ஏற்றி ஸ்பிரிங் அமுங்கிய நிலையில், ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அடுத்தது பாரக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 116 என்றால் 1250. டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள். தேயிலை மூட்டையோ தண்ணீர் டேங்க்கோ ஏற்றுகிற வண்டிக்கு எல்.டி. என்று தொடங்கும் லைட் டிரக் டயர் நல்லது. பக்கச் சுவரில் 'சைடுவால்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எத்தனை அடுக்கு என்று பொடி எழுத்தில் இருக்கும். மூன்று அடுக்கு இருந்தால் கல் வெட்டை நன்றாகத் தாங்கும். இதற்கும் விலை உண்டு. டயருக்கு டயர் நாலைந்து கிலோ கூடலாம், ஓட்டம் கொஞ்சம் விறைக்கும். எல்.டி. டயர் அதே பாரத்தைத் தாங்க ஸ்டிக்கரில் போட்டதைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) கூடுதல் காற்று கேட்கும். பழைய அழுத்தத்திலேயே ஓட்டினால் சூடேறும்.

தயாரிப்புத் தேதியும் அங்கேயே இருக்கிறது. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சில டயரில் முழு எண்ணும் ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் இருக்கும். மாட்டிய பிறகு உள்பக்கம் போய்விடும் என்பதால் கடையில் டயர் தரையில் கிடக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

வாங்கினால் ஐந்தாக வாங்குங்கள். இந்த வண்டிகளில் 4 ஹை (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். முன்னால் புது ஏ.டி., பின்னால் தேய்ந்த பழசு என்றால் சுற்றளவு வேறுபட்டு, இரு அச்சுக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் திணறும். ஸ்டெப்னி வேறு அளவில் இருந்தால், மலையில் பஞ்சர் ஆன அன்று 4 வீல் டிரைவையே இழப்பீர்கள். ஐந்தையும் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை சுற்றில் மாற்றினால் எல்லாம் ஒன்றாகத் தேயும்.

காற்று

காற்றை இறக்குவதற்குக் காசு இல்லை, ஆனால் வண்டியின் குணத்தையே மாற்றுவது இதுதான். 34 பிஎஸ்ஐ-இல் விறைத்து நிற்கும் டயர் கல்லில் துள்ளும், மணலில் கத்தி மாதிரி வெட்டி இறங்கும். 18-க்கு இறக்கினால் தரையைத் தொடும் தடம் நீளமாகிறது. அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம்தான் அதிகம் கூடும். டிராக்டர் சங்கிலித் தடம் மாதிரி எடை பரவும். கல் குத்தும் இடத்தில் ரப்பர் கிழியாமல் வளைந்து கொடுக்கும்.

ஓட்டத் தொடங்க இந்த அளவுகள் போதும்:

- சரளை, உடைந்த எஸ்டேட் பாதை: 25 முதல் 28
- பாறை, வேர்கள்: 20 முதல் 22
- சேறு: 20 முதல் 22
- தேரி மணல், ஆற்று மணல்: 15 முதல் 18

பின்னால் பாரம் இருந்தால் பின் டயருக்கு 4, 5 கூட்டுங்கள். 20 பிஎஸ்ஐ-இல் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள், 15-இல் 20, 25 போதும். 15-க்குக் கீழே இறக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைச் சட்டென ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணலில் இது நடந்தால் ஜாக்கி வைக்கவும் இடம் இருக்காது. தாரில் ஏறியதும் காற்றை ஏற்றாமல் வீட்டுக்கு ஓட்டுவதுதான் புது டயரைக் கெடுக்கும் பெரிய தவறு. பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி, சூடேறி, உள்ளே நூல் பிரியும். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்துப் புடைக்கும்.

தாரில் எவ்வளவு காற்று சரி என்பதை ஒரு சாக்பீஸ் சொல்லிவிடும். சமதளமான தாரில் வண்டியை நிறுத்தி, டயரின் பட்டன்கள் மேல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை கட்டைவிரல் அகலத்துக்குக் கோடு போடுங்கள். நேராக ஐம்பது மீட்டர் உருட்டி இறங்கிப் பாருங்கள். கோடு முழுக்கச் சமமாக அழிந்திருந்தால் அழுத்தம் சரி. நடுவில் அழிந்து இரு ஓரத்திலும் வெள்ளை நின்றால் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடுவில் நின்றால் குறைவு. இரண்டு பிஎஸ்ஐ மாற்றி மறுபடி உருட்டுங்கள். வெறும் வண்டிக்கு ஒரு எண், முழுப் பாரத்துக்கு ஒரு எண் என்று இரண்டையும் பெயின்ட் மார்க்கரால் கதவுக்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தை எப்போதும் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயர் மூன்று நாலு பிஎஸ்ஐ கூட்டித்தான் காட்டும்.

தேவையான சாமான்கள் குறைவுதான். நல்ல கேஜ் ஒன்று, பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று. சிகரெட் சாக்கெட்டில் செருகும் சின்ன பம்பு இந்த அளவு டயருக்கு ஆகாது. சாக்கெட்டின் ஃப்யூஸ் 10, 15 ஆம்பியர்தான். பெரிய கம்ப்ரசர் 30 ஆம்பியர் இழுக்கும். அடிக்கும்போது இன்ஜின் ஓடட்டும். இரண்டு டயருக்கு ஒருமுறை கம்ப்ரசரைக் கொஞ்சம் ஆறவிடுங்கள். கூடவே பஞ்சர் கிட், வால்வு ஊசி கழற்றும் சாவி, நாலைந்து உபரி வால்வு ஊசிகள். பட்டன் பகுதியில் ஆணி ஏறிய ஓட்டையை நூல் ரப்பரால் அடைத்துவிடலாம். பக்கச் சுவர் கிழிந்தால் வழியே இல்லை, ஸ்டெப்னிதான். முழு அளவு ஸ்டெப்னி கேட்பது இதற்காகத்தான்.

மாட்டிக்கொண்டால் வெளியே வருவது

டயருக்கு அடுத்த செலவு இது. வண்டிக்கு அடியில் முன்பக்கம் தெரியும் மெல்லிய வளையங்களில் பல, கப்பலிலும் டிரெய்லரிலும் கட்டிக்கொண்டு போவதற்கானவை. சேற்றில் புதைந்த இரண்டு டன் வண்டியை அதில் மாட்டி வெடுக்கென்று இழுத்தால் வளையம் பிய்ந்து குண்டு மாதிரி பறக்கும். டிரெய்லரை இழுக்கும் டோ பந்தில் கயிறு மாட்டுவது அதைவிட மோசம். உலகம் முழுக்க உயிர்கள் போயிருக்கின்றன. சேசிஸில் உயர்தர போல்ட்டால் பூட்டிய, தாங்கும் எடை பொறித்த கொக்கி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று வேண்டும். 4.75 டன் வில் ஷாக்கிள் (கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையம்) இரண்டு வாங்குங்கள். அதன் திருகு பின்னை முழுக்க முறுக்கிவிட்டுக் கால் சுற்று திருப்பி விடுங்கள், இல்லாவிட்டால் இழுத்த பிறகு கையால் கழலாது.

கயிறில் இரண்டு வகை. நீளாத பெல்ட்டை மெதுவாக, கயிறு விறைத்த பிறகே இழுக்கப் பயன்படுத்த வேண்டும். நீண்டு சுருங்கும் கைனடிக் கயிறு, அந்தச் சுருக்கத்தின் விசையால் வண்டியைப் பிடுங்கி எடுக்கும். நீளாத பெல்ட்டைக் கட்டி ஓடிவந்து இழுத்தால் ஏதோ ஒன்று உடையும். இந்த எடை வண்டிக்கு 8 டன், 9 மீட்டர் கைனடிக் சரி. கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள். அறுந்தால் அது வேகத்தை அமுக்கும். கயிறு நீளத்தின் ஒன்றரை மடங்குக்குள் யாரும் நிற்கக் கூடாது.

ஆனால் பத்தில் எட்டு முறை கயிறே வேண்டாம். மண்வெட்டியால் சக்கரத்தின் முன் சரிவாக வெட்டி, காற்றை 15-க்கு இறக்கி, இரண்டு மீட்புப் பலகைகளைச் செருகி, 4 லோவில் மெல்ல ஏறினால் வந்துவிடும். சக்கரம் சுழன்ற அந்த நொடியே காலை எடுங்கள். இன்னும் மூன்று சுற்று சுற்றினால் அச்சு தரையில் உட்கார்ந்துவிடும். ஜாக்கிக்கு அடியில் போட ஓரடிச் சதுரத்தில் தடித்த பிளைவுட் பலகை எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

அடியும் ஷாக்கும்

கல் பாதையில் முதலில் அடிபடுவது ஆயில் சேம்பர். சேம்பர், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றுக்கும் 3 மி.மீ. இரும்புத் தகடு போதும். ஆயில் இறக்க ஓட்டை விட்டிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். தகட்டுக்கு மேல் சேறு தங்கிக் காய்ந்தால் சூடு வெளியேறாது, துருவும் பிடிக்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் குழாயை உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். பக்கவாட்டு ஸ்லைடர் (பாறையில் உரசினால் தாங்கும் இரும்புக் குழாய்) போட்டால் அது சேசிஸில் பூட்டியதாக இருக்க வேண்டும். பாடியில் திருகும் கால்படி, பாறையில் உட்கார்ந்தால் கதவோடு சேர்த்து நசுக்கும்.

பின்பக்கம் வெறும் தொட்டியோடு ஓடும்போது தூக்கித் தூக்கிப் போடுவதாக எல்லோருக்கும் குறை. பட்டை ஸ்பிரிங் பாரத்துக்காகச் செய்தது. வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் வாங்கும் முன், காற்றை வெறும் வண்டிக்கான அளவுக்குக் குறைத்து, நூறு கிலோ மணல் மூட்டையைப் பின் அச்சுக்கு நேர் மேலே இறுகக் கட்டி ஓட்டிப் பாருங்கள். பாதிக் குறை அங்கேயே போய்விடும். மீதிக்கு நல்ல ஷாக் அப்சார்பர்.

லிஃப்ட் செய்தே ஆக வேண்டுமென்றால் 40 மி.மீ.யோடு நிறுத்துங்கள். முன் ஸ்ட்ரட்டுக்கு மேலே வட்டத் தகடு வைத்து உயர்த்துவது மலிவு, ஆனால் சக்கரம் கீழே இறங்க வேண்டிய தூரத்தைத் தின்றுவிடும். பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று அடிக்கும். 50-ஐத் தாண்டினால் ஆக்சில் ஷாஃப்டின் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், மேல் கண்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். பின்பட்டையின் யூ போல்ட்டைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டும். ஒருமுறை முறுக்கிய யூ போல்ட் நீண்டிருக்கும், மறுபடி பிடிக்காது. முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையிலும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள்.

தண்ணீர்

ஸ்நார்கல் மாட்டிவிட்டால் ஓடையில் எவ்வளவு ஆழத்திலும் இறங்கலாம் என்று நினைப்பது தவறு. அது இன்ஜின் குடிக்கும் காற்றை மட்டும்தான் உயரத்திலிருந்து எடுக்கிறது. ஓடிச் சூடான பின்பக்கக் கிரவுன் ஹவுசிங் (பின் அச்சின் நடுவே பற்சக்கரங்கள் இருக்கும் கூடு) குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து உறிஞ்சும். ஹவுசிங் மேலே இருக்கும் மூச்சுக்குழாயின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரே உள்ளே போகும். ஒரு வாரம் கழித்து ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் விஷயம் அதுதான். பேரிங்கும் பல்லும் அதன் பிறகு நீடிக்காது. ஸ்நார்கலுக்கு முன்னால் கிரவுன், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூச்சுக்குழாய்களை ரப்பர் ஹோஸ் போட்டு இன்ஜின் பே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். சில நூறு ரூபாய் ஹோஸும் கிளிப்பும்தான் செலவு.

லாக்கர், வின்ச், சட்டம்

ஹைலக்ஸில் பின் டிஃப் லாக் (பின்னிரு சக்கரங்களும் ஒன்றாகவே சுற்றப் பூட்டும் லாக்கர்) கம்பெனியிலிருந்தே வருகிறது. இல்லாத வண்டிக்கு வெளியில் போடலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும் பாதையில் அதற்கு ஈடு இல்லை. தாரில் போடக் கூடாது, வளைவில் வண்டி திரும்ப மறுக்கும். வின்ச் (கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் மின் உருளை) வேண்டுமென்றால் வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுப்பது வேண்டும். 9,500 பவுண்டு என்றால் 4.3 டன். வின்சும் அதைத் தாங்கும் இரும்பு பம்பரும் சேர்ந்து முன் ஸ்பிரிங்கில் எண்பது கிலோவுக்கு மேல் ஏற்றும். தனியாகவே காட்டுக்குள் போகிறவர் தவிர மற்றவர்களுக்கு, கூட ஒரு வண்டி வந்தால் போதும்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. முன்பக்கம் புல் பார் என்னும் காப்புக் கம்பி மாட்டுவது இந்தப் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. அதனால் டயர் அளவையும் கம்பெனி அதே வண்டியின் ஏதாவது மாடலுக்குக் கொடுத்த அளவுக்குள் வைத்துக்கொள்வது, விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரரிடம் பேசுவதற்கும் நல்லது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் எந்த டயரோடும் போகக் கூடாது.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட்டு ஒவ்வொன்றையும் டார்க் ஸ்பேனரால், வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவுக்கு மறுபடி முறுக்குங்கள். புது ரிம்மில் பெயின்ட் அமுங்கி நட்டு தளரும். யூ போல்ட்டை 500 கி.மீ.யில் முறுக்குங்கள். முதல் கல் பாதைக்குப் போய் வந்ததும் வண்டிக்கு அடியில் ஒரு டார்ச்சோடு படுத்து, நான்கு டயரின் உள்பக்கச் சுவரையும் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் எல்லோர் கண்ணிலும் படும், வெட்டு பெரும்பாலும் உள்பக்கம் ஒளிந்திருக்கும்.